நிஷாகந்தி வெயில்ல, மல்லி நிழல்ல... முதல்ல இடத்தை மாத்துங்க

கேள்வி: வணக்கம் சார். ஸ்ரீரங்கத்துல மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம், டெரஸ்ல தொட்டி வச்சுக்க ஹவுஸ் ஓனர் ஓகே சொல்லிட்டாங்க. ராத்திரி வாசனை அடிக்கிற செடியா வளக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. மூணு வருஷம் முன்னாடி பாலக்காட்டுல அத்தை வீட்லேருந்து நிஷாகந்தி இலை ஒண்ணு கொண்டுவந்து டெரஸ்ல வெயில்ல நட்டேன், புதர் மாதிரி வளந்துடுச்சு, ஒரு மொட்டு கூட இல்ல, இப்ப ஓரமெல்லாம் மஞ்சளாகி வெளுத்துப் போகுது. நீளநீளமா குச்சி விடறதை அசிங்கமா இருக்குன்னு வெட்டிடறேன். குண்டுமல்லி ரெண்டு வருஷமா தண்ணி டேங்க் பக்கத்துல நிழல்ல இருக்கு, இலை பளபளன்னு இருக்கு, பூ என்னவோ அஞ்சாறுதான். ரெண்டுக்கும் தினம் தண்ணி, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒரு ஸ்பூன் யூரியா போடறேன். அடுத்து இரவு ராணி வாங்கலாம்னு பாக்கறேன், மாமியார் பாம்பு வரும்னு பயமுறுத்தறாங்க. ரெண்டு வயசுல பையன் இருக்கான், வீட்டுக்காரருக்கு தும்மல் தொந்தரவு உண்டு. என்ன பண்ணலாம்?

பதில்: படிச்சதுமே சிரிப்பு வந்துடுச்சு மா, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு செடியையும் நல்லாத்தான் பாத்துக்கறீங்க, ஆனா நிழல் கேக்கறதை வெயில்லயும் வெயில் கேக்கறதை நிழல்லயும் வச்சிருக்கீங்க. ராத்திரி பூக்குதுங்கறதுதான் ரெண்டுக்கும் ஒத்துமை, மத்தபடி ஒண்ணு கள்ளி ஜாதி, இன்னொண்ணு நம்ம வயல்ல வளர்ற கொடி ஜாதி, ஒரே தண்ணி ஒரே உரம் எப்படி ஒத்துவரும் சொல்லுங்க?

நிஷாகந்திலேருந்து ஆரம்பிப்போம். இதை நிறைய பேர் பிரம்ம கமலம்னு சொல்லி விக்கிறாங்க, நிஜ பிரம்ம கமலம் இமயமலையில மூவாயிரம் மீட்டருக்கு மேல குளிர்ல பூக்கறது, உத்தராகண்டோட மாநிலப் பூ, திருச்சி வெயில்ல அது ஒரு வாரம் தாங்காது. உங்ககிட்ட இருக்கறது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் காட்டுல மரத்து மேல, கிளை இடுக்குல சேர்ற இலைமக்குல வேர் விட்டு தொங்கற கள்ளி. நீங்க இலைன்னு நினைக்கறது இலையே இல்ல, தட்டையா போன தண்டு, அதோட ஓரத்துல பள்ளம் பள்ளமா இருக்கு பாருங்க, மொட்டு அங்கேருந்துதான் வரும், அதுவும் முத்தின தண்டுலதான் வரும். நீளமா போற குச்சிதான் மேல போய் தட்டைத் தண்டா விரியும், அதை நீங்க மாசாமாசம் வெட்டிட்டு பூ வரலங்கறீங்க, பூ வர்ற இடத்தையே கத்திரிச்சா அது எங்க போய் பூக்கும். இனிமே கத்தியை எடுக்காதீங்க, ஒரு மூங்கில் குச்சி நட்டு சணல்ல லேசா கட்டி விடுங்க, அசிங்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

மஞ்சளாகி வெளுக்கறது வெயில் சுட்டது. மரத்துக்கு அடியில வடிகட்டி வர்ற வெளிச்சம்தான் அதுக்குப் பழக்கம், காலைல எட்டு மணி வரைக்கும் இளவெயில் பட்டா போதும், அப்புறம் நிழல் வேணும், அதனால அந்த டேங்க் நிழலுக்கு இதைக் கொண்டு போங்க, இல்லன்னா 50 சதவீத ஷேட் நெட் கட்டுங்க. தொட்டி என்ன சைஸ்னு நீங்க சொல்லல, பெரிய தொட்டியில வெறும் செம்மண்ணைப் போட்டு தினம் தண்ணி ஊத்தினா வேர் எப்பவும் ஈரத்துலயே கிடக்கும், அழுகக்கூடும். பத்து இஞ்ச் தொட்டி போதும், வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தா இது பூக்கறதுக்கு இன்னும் சௌகரியம். இலைமக்கு ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, பொடிச்ச செங்கல்லும் அடுப்புக்கரியும் சேந்து ஒரு பங்கு, தண்ணி ஊத்தினா அடியில உடனே வடியணும், அதுதான் கணக்கு. மேல்மண்ணுல விரல் விட்டுப் பாத்து ரெண்டு இஞ்ச் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. யூரியாவை நிறுத்திடுங்க, மாசத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், வேணும்னா பஞ்சகவ்யா லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி கலந்து ஊத்துங்க, அவ்வளவுதான். மார்கழி, தை ரெண்டு மாசம் தண்ணியை நல்லா குறைச்சு செடியை ஓய்வுல விடுங்க, மாசி கடைசிலேருந்து பழையபடி ஊத்த ஆரம்பிங்க.

இந்த வருஷம் பூவை மறந்துடுங்க, இப்ப ஆவணி, தொட்டி மாத்தி வேர் பிடிக்கவே நாளாகும். தண்டு வச்சதுலேருந்து ரெண்டு மூணு வருஷம் ஆகறது சகஜம், நீங்க குச்சியை வெட்டாம விட்டா அடுத்த ஆனி ஆடி மழையோட மொட்டு எதிர்பாக்கலாம்.

இப்ப மல்லி. எட்டரை, கோப்பு கிராமங்கள் பக்கம் மல்லித் தோட்டம் பாத்திருப்பீங்க, ஒரு மர நிழல் இருக்காது, காரணம் இல்லாம இல்ல, குறைஞ்சது ஆறு மணி நேரம் நேர் வெயில் இல்லன்னா மல்லி இலையா தள்ளும், யூரியா வேற போட்டா கேக்கவே வேண்டாம். வயல்ல பரிந்துரையே ஒரு செடிக்கு வருஷத்துக்கு தழைச்சத்து 60 கிராம்னா மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஆளுக்கு 120 கிராம், அதாவது தழைச்சத்து பாதிதான். யூரியா வெறும் தழைச்சத்துதான், நீங்க அந்தப் பாதியை மட்டும் முழுசாக் கொடுத்துட்டு மத்த ரெண்டையும் கண்ணுல காட்டல. தொட்டிக்கு அவ்வளவு வேண்டாம், மாசத்துக்கு ரெண்டு ஸ்பூன் எலும்புத்தூள், ஒரு ஸ்பூன் மரச்சாம்பல், ஒரு கை மக்கின சாணி.

அதைவிட முக்கியம் கவாத்து. நவம்பர் கடைசி வாரம் மனசைக் கல்லாக்கிட்டு தொட்டி மண்ணுலேருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேல இருக்கற எல்லாத்தையும் வெட்டிடுங்க, இலையையும் உருவிடுங்க, கொஞ்ச நாள் தண்ணியைக் காட்டாதீங்க. மொட்டை ஆயிடுச்சேன்னு பயப்பட வேண்டாம், புதுக்கிளையிலதான் மொட்டு, மார்ச்லேருந்து ஜூன் வரைக்கும் அள்ளிக் கொடுக்கும். (கத்தி எடுக்கக் கூடாத செடிக்கு எடுத்திருக்கீங்க, எடுக்க வேண்டிய செடியை விட்டுட்டீங்க!) மொட்டுல ஓட்டை தெரிஞ்சா மொட்டுப்புழு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து சாயங்காலம் அடிங்க. வாசனைக்காக வளக்கறீங்கன்னா எல்லா மொட்டையும் காலைல பறிச்சுடாதீங்க, பாதியை செடியிலயே விடுங்க, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல அதுவா விரியும்போது டெரஸ்ல வந்து நின்னு பாருங்க.

இரவு ராணி வேண்டாம் மா. பாம்புக்காக இல்ல, பாம்புக்கு பூ வாசனை தேவையே இல்ல, தரையில புதர் அடர்த்தியா இருந்தா எலி தவளை தங்கும், அதைத் தேடி வரும், தாழம்பூ மனோரஞ்சிதம் எல்லாத்துக்கும் இந்தக் கெட்ட பேர் இப்படித்தான் வந்திருக்கும். மாடித்தொட்டிக்கு அந்தக் கவலை இல்ல, மாமியாருக்கு மெதுவா சொல்லுங்க. நான் வேண்டாங்கறது பையனுக்காக, அந்தச் செடி முழுக்க விஷம், வெள்ளையா குட்டிக்குட்டியா காய் காய்க்கும், ரெண்டு வயசுல எதையும் வாய்ல போட்டுப் பாக்கற வயசு. வாசனையும் ராத்திரி மூடின ரூமுக்குள்ள வந்தா சிலருக்கு தலைவலி, மூச்சுத் தொந்தரவு கொடுக்கும், உங்க வீட்டுக்காரர் முதல் ஆளா எந்திரிச்சு உக்காருவார். இன்னொண்ணு, சில நர்சரியில நிஷாகந்தியையும் நைட் குயின்னுதான் சொல்றாங்க, இரவு ராணியையும் நைட் குயின்னுதான் சொல்றாங்க, பேரை நம்பி வாங்காதீங்க, இலையைப் பாத்து வாங்குங்க.

அதுக்குப் பதிலா நிலசம்பங்கி வைங்க. ஒத்தை அடுக்கு ரகமா கேளுங்க, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரஜ்வல் கிடைச்சா நல்லது, அடுக்குப் பூ கண்ணுக்கு அழகு ஆனா வாசனையில ஒத்தை அடுக்குதான். பன்னெண்டு இஞ்ச் தொட்டிக்கு நாலு கிழங்கு, ரெண்டு இஞ்ச் ஆழம், நல்ல வெயில், மூணு நாலு மாசத்துல தண்டு எழும்பும், வாசனை இருட்டினப்புறம்தான் தூக்கும். பவளமல்லியும் எனக்குப் பிடிக்கும், ஆனா அதுக்கு அரை டிரம் வேணும், ஈரமண்ணோட நூறு கிலோவுக்கு மேல போகும், கம்பளிப்பூச்சி வேற வரும், வாடகை வீட்ல இழுத்துப் போட்டுக்க வேண்டாம், சொந்த வீடு கட்டினதும் வாசல்ல வைங்க.

அடுத்த வருஷம் நிஷாகந்தில மொட்டு வந்தா தொட்டியைத் திருப்பறது நகத்தறது கூடாது, மண்ணைக் காயவும் விடாதீங்க, கொட்டிடும். மொட்டு ரெண்டு மூணு வாரம் கீழ தொங்கிட்டே இருக்கும், பூக்கற நாள் நெருங்கினதும் கழுத்தை வளைச்சு மேல தூக்கும், அன்னிக்கு சாயங்காலம் உப்பலா தெரிஞ்சா அன்னிக்கு ராத்திரிதான். எட்டு மணிக்கு மேல பிரிய ஆரம்பிச்சு நடுராத்திரில முழுசா விரியும், விடியறதுக்குள்ள தொங்கிப் போயிடும், அதனால பையனை மதியமே நல்லா தூங்க வச்சிருங்க.