கந்தக அமிலமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பினாங்கின் பிறை ஊரில் ஒரு முலாம் பூசும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஆசிட் தொட்டிப் பக்கமே நின்றவன் நான். வந்த கேள்விகளில் சில:

தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்கிறார் ஆசிரியர். எப்படியும் இரண்டும் கலக்கத்தானே போகிறது? (செத்தாப்பாக் மாணவர்)

கலக்கும் தம்பி, ஆனால் கலக்கும்போது கிளம்பும் சூடு இருக்கிறதே, அதுதான் வினை. 98 சதவீத ஆசிட் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம், அதனால் ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நின்று, நின்ற இடத்திலேயே கொதித்து, ஆசிட்டையும் இழுத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில் மெல்ல விட்டால் அது கீழே இறங்கிக்கொண்டே கலக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீரும் நிறைய இருக்கும். எங்கள் ஆலையில் புதுப் பையன் ஒருவன் அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டான். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பருத்திச் சட்டையில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, மதியம் பார்த்தால் தெறித்த இடமெல்லாம் சல்லடை.

கார் பேட்டரியில் அளவு குறைந்தால் ஆசிட் வாங்கி ஊற்றலாமா? (பட்டர்வொர்த்)

வேண்டாம் அக்கா. வற்றுவது தண்ணீர்தான், காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். ஆசிட் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர், முழு சார்ஜில் 1.28 பக்கம் காட்டும், 1.12க்கு வந்தால் படுத்துவிட்டது என்று அர்த்தம். கவிழ்ந்து கொட்டியிருந்தால் மட்டும் கதை வேறு, பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

தாத்தா தோட்டத்தில் ரப்பர்ப் பாலில் ஊற்றியதும் இதுதானா?

பெரும்பாலும் அது ஃபார்மிக் ஆசிட், எறும்பு கடித்தால் எரியுமே, அந்தச் சங்கதி. கந்தக அமிலமும் பாலை உறைய வைக்கும், விலையும் குறைவு, ஆனால் ஷீட்டில் தங்கிவிட்டால் ரப்பர் கெடும். பாலைச் சுழற்றிப் பிரித்தபின் மிஞ்சும் ஸ்கிம் பாலுக்கு ஆலைகளில் இதை ஊற்றுவார்கள்.

அதிகம் எதற்குப் போகிறது?

உரத்துக்கு. உலகில் தயாராவதில் பாதிக்கு மேல் பாஸ்பேட் பாறையைக் கரைக்கவே சரியாகிவிடும்.

இரும்பையே தின்னும் ஆசிட்டை இரும்புத் தொட்டியில் எப்படி வைக்கிறார்கள்?

நல்ல கேள்வி. கெட்டி ஆசிட் இரும்பின் மேல் சல்பேட் படலம் ஒன்றைப் படியவைக்கும், அதுவே காவல். தண்ணீர் சேர்ந்தால் படலம் கரைந்து இரும்பு அரிக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் கிளம்பும். அதனால்தான் காலித் தொட்டியைக் கழுவிய கையோடு வெல்டிங் ஆளைக் கூப்பிட்டால், உள்ளே வாயு அளந்து பார்க்கும்வரை நான் பொறி தட்டவே விடமாட்டேன்.