ஏரிக்கரையில் ஒரு ராஃப்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிவில் முடித்து சைட்டில் வேலை பார்க்கிறேன். ஸ்டில்ட் பிளஸ் நான்கு மாடி, கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரம், 12 மீட்டர் அகலம். ஐ.எஸ். கோடுப்படி, அதாவது இந்தியத் தர விதிப்படி, 30 செ.மீ. தகட்டை மண்மேல் வைத்து, பளு ஏற்றி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் பிளேட் லோட் டெஸ்ட் எடுத்தோம். ரிசல்ட் அருமை. ஆனாலும் ஆழமாகத் துளையிட்டு மண் சாம்பிள் எடுக்க போர் போட்டே ஆகவேண்டும் என்கிறார் கன்சல்டன்ட். வீண்செலவு என்கிறார் ஓனர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மண்ணுக்குப் பொருந்தாதா? சாஃப்ட்வேரில் மாடல் செய்து பார்த்தால் போதாதா? அந்த இடம் முன்பு ஏரிக்கரை ஓரம் என்கிறார்கள்.

க.

அன்புள்ள க.,

ஏரிக்கரையைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். ஏரி ஓரம் என்றால் அடியில் இளகிய களி இருக்கலாம்.

கொஞ்ச நாளாக டிரான்ஸ்கோனா என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கனடாவில், வின்னிபெக் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ரயில்வே கம்பெனி கட்டிய தானியக் கிடங்கின் எடை மட்டும் 20,000 டன். ராஃப்ட் 77 அடி அகலம், 195 அடி நீளம். குழி தோண்டி, அடியில் சிறிய தகடு வைத்துச் சோதித்தார்கள். மேலே கெட்டிக் களிமண், ரிசல்ட் அருமை. போர் போடவில்லை. 1913 செப்டம்பரில் கோதுமை கொட்ட ஆரம்பித்தார்கள். அக்டோபர் 18 அன்று, முழுக்க நிரம்புவதற்கு முன்பே, ஒரு மணி நேரத்தில் ஓரடி இறங்கியது. மறுநாளைக்குள் 27 டிகிரி சாய்ந்துவிட்டது. கிடங்கில் பெரிய சேதம் இல்லை, அவ்வளவு உறுதியான கட்டுமானம். தகடு தாங்கும் என்று சொன்ன பளுவைவிடக் குறைந்த பளுவிலேயே மண் கைவிட்டது. அப்புறம் பாறைவரை தூண் இறக்கி நிமிர்த்தினார்கள். 1951இல் அங்கே போர் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. கெட்டிக் களிக்குக் கீழே இளகிய களி இருந்திருக்கிறது.

தகடு பொய் சொல்லவில்லை. அதன் பளு, அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம்வரைதான் மண்ணை உருப்படியாக அழுத்தும். உங்கள் தகட்டுக்கு அது 60 செ.மீ., அதாவது இரண்டடி. உங்கள் ராஃப்ட்டுக்கு 24 மீட்டர். இரண்டடி மண்ணைக் கேட்டுவிட்டு 24 மீட்டருக்குக் கையெழுத்துப் போடப் பார்க்கிறீர்கள். இன்னொன்று, ஒரே அழுத்தத்தில்கூட இறக்கம் ஒன்றாக இருக்காது. மணலில் உங்கள் ராஃப்ட் தகட்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இறங்கும். களிமண்ணில் 40 மடங்கு. தகடு 3 மி.மீ. இறங்கியிருந்தால் கட்டடம் 12 செ.மீ. அதுவும் கீழே வரைக்கும் ஒரே மண் என்றால்தான். களியிலிருந்து தண்ணீர் பிதுங்கி வெளியேறி அது முழுதாக இறங்க வருடங்கள் ஆகும், உங்கள் டெஸ்ட் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது.

‘கோடுப்படி செய்தோம்’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஐ.எஸ். 1888தானே? தகட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் குறைந்த ஆழத்தில் உள்ள மண்ணைப் பற்றி மட்டும்தான் இந்தச் சோதனை சொல்லும் என்று அதிலேயே போட்டிருக்கிறதே. ஃபார்முலா இருக்கிற பக்கத்தை மட்டும் செராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கோடு கோடு என்றால் எப்படி?

சோறு பதம் பார்க்கிறவர்கள் பானையைக் கிளறிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். மண்ணை யார் கிளறி வைத்தார்கள்?

ஓனரைக் குறைசொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கும்பகோணம் பக்கம் ஒரு சைட்டில் இதே டெஸ்ட். மேடை கட்டி மணல் மூட்டைகளை அடுக்கி, கீழே ஜாக் வைத்திருந்தோம். ராத்திரி டார்ச் அடித்து, தகடு எவ்வளவு இறங்கியது என்று காட்டும் டயல் கேஜைப் பார்ப்பது என் வேலை. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஓனர் குடும்பத்தோடு வந்து மூட்டைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் போர் போட்டபோது எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. குழாயிலிருந்து கறுப்பாக, நாற்றமடிக்கும் களி வந்தது. அதன் முன்னால் நின்று யார் போட்டோ எடுப்பார்கள்? கண்ணுக்கு முன்னால் பத்து டன் பளு ஏற்றி, தகடு அசையாததைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் போர் ரிப்போர்ட் என்று ஒரு காகிதத்தை நம்ப வைப்பது கஷ்டம். பிளேட் லோட் டெஸ்டில் எனக்குப் பிடிக்காதது இந்தத் திருவிழாத்தனம்தான். கன்சல்டன்ட் சொல்வதை ஓனரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. சின்ன வயதில் அது சங்கடம்தான், தெரியும். டிரான்ஸ்கோனாவின் போட்டோ இருக்கிறது, காட்டுங்கள். சாய்ந்த கட்டடம் எந்த ஓனருக்கும் புரியும்.

சாஃப்ட்வேர்: கீழே களி இருக்கிறதா என்றே தெரியாமல் அதற்குள் எந்த எண்ணைப் போடுவீர்கள்? விடுங்கள்.

போரை ராஃப்ட்டின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது 18 மீட்டர், இறக்கச் சொல்லுங்கள். களி வந்தால் சாம்பிள் குழாயின் இரண்டு வாயையும் உடனே மெழுகு ஊற்றி அடைத்து நிழலில் வைக்கவேண்டும். நம் ஆட்கள் வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.