முதலில் தொட்டியைப் பார்

கிண்டி பந்தய லாயங்களில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராகச் சேர்ந்து, 36 வருடம் கழித்து சைஸ்களை மேற்பார்க்கும் ஜமேதாராக ஓய்வு பெற்ற ஆதம்பாக்கத்துக்காரர் ஒருவர், குதிரைகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பெரிய பந்தயத்துக்கு ஒரு குதிரையை எப்படித் தயார் செய்வார்கள்? எத்தனை நாள் ஆகும்? டிவியில் இரண்டரை நிமிடம் ஓடுவதைத்தான் பார்க்கிறோம். அதற்கு முன்னால் நடப்பதை யாரும் சொல்வதில்லையே?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

பொதுவாகச் சொல்வதைவிட ஒரு குதிரையின் கதையாகவே சொல்லிவிடுகிறேன் அம்மா. லாயத்தில் அவளை மல்லி என்று கூப்பிடுவோம். பந்தயப் புத்தகத்தில் இருந்தது வேறு பெயர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் மல்லிகை மொட்டு அளவுக்கு ஒரு வெள்ளை, 440 கிலோ எடை. இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம்.

அவளை தென்னிந்திய டெர்பிக்குத் தயார் செய்தோம். 2400 மீட்டர், நான்கு வயதுக் குதிரைகள் ஓடும் பந்தயம். பந்தயக் குதிரை எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் ஜனவரி 1-ம் தேதிதான் அதற்கு ஒரு வயது கூடும். அதனால் அக்டோபரில் வேலையை ஆரம்பித்தபோது மல்லிக்குக் கணக்குப்படி மூன்று வயது.

முதல் ஐந்து வாரம் வேகம் என்ற பேச்சே கிடையாது. விடியற்காலை ஐந்தரைக்கு மணல் டிராக்குக்குப் போய் நடை, துள்ளுநடை, கேன்டர் என்கிற மெதுவான ஓட்டம், திரும்ப நடை. பார்ப்பவர்களுக்கு அலுத்துப்போகும். ஆனால் குதிரைக்கு மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் நாணும் பழக மாதக்கணக்கு ஆகும். முன்னங்காலைத் தொட்டுப் பாருங்கள், முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. எலும்பு, அதன் பின்னால் விரல் தடிமனுக்கு நாண், மேலே தோல். லாயத்தில் அந்த நாணை நரம்பு என்போம். 440 கிலோ உடம்பு பாயும்போது, ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம் அந்த முழு எடையையும் ஒரே கால் தாங்குகிறது. அதை அவசரப்படுத்தி உடைத்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. அந்த வருடம் மூன்று நாள் டிராக்கில் இறங்கவே முடியவில்லை. மணல் கனத்துப்போய் குளம்பை இழுத்துப் பிடிக்கும். லாயத்துக் கூரைக்குக் கீழே காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்தினோம். தீபாவளி வேறு வந்தது. வேளச்சேரி பக்கமிருந்து வெடிச் சத்தம் வர ஆரம்பித்ததும் காதுகளில் பஞ்சை வைத்து, அவளுடைய சைஸ் ராத்திரி முழுக்க அதே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். தலைக்கு மேலே போகிற விமானத்துக்கெல்லாம் கிண்டிக் குதிரைகள் காதைக்கூட அசைக்காது. பட்டாசு அப்படி இல்லை. ஒருமுறை மிரண்டு சுவரில் மோதினால் மூன்று மாத வேலை போச்சு.

நவம்பர் நடுவிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் கேலப், அதாவது வேகமான பாய்ச்சல். முதலில் 600 மீட்டர், பிறகு 800, 1000, கடைசியில் 1400 வரை. துணைக்கு இன்னொரு குதிரையை ஓட விட்டு, அதன் பக்கத்தில் ஓட்டுவோம். முன்னால் போகத் துடிப்பவளைப் பின்னால் பொறுமையாக வைத்திருப்பது, பயிற்சியில் குதிரை மேல் ஏறி ஓட்டும் ரைடிங் பாயின் வேலை. 2400 மீட்டரில் முதல் ஆயிரத்திலேயே தன்னைக் கொட்டிவிடுகிற குதிரை வீடு வந்து சேராது. டிசம்பரில் 1600 மீட்டர் பந்தயம் ஒன்றில் ஓட்டினோம். இரண்டாவதாக வந்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

டெர்பிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை ராத்திரி, தீவனத் தொட்டியில் பாதி ஓட்ஸ் அப்படியே கிடந்தது. காய்ச்சல் இல்லை, கால் சூடு இல்லை, கண் தெளிவாக இருந்தது. தொட்டி மட்டும் காலியாகவில்லை. மறுநாள் காலை பெரிய கேலப் வைத்திருந்தோம், 1400 மீட்டர். முதலாளியும் பார்க்க வருவதாக இருந்தார்.

இந்த இடத்தில் என் பதினேழு வயதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு சைஸ், அவ்வளவுதான். என் பொறுப்பில் இருந்த குதிரை ஒரு ராத்திரி சரியாகத் தின்னவில்லை. திட்டு விழும் என்று பயந்து மீதியை அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவி வைத்தேன். காலையில் அதை வேகமாக ஓட்டினார்கள். சாயங்காலம் 104 டிகிரி காய்ச்சல், நுரையீரலில் சளி. அந்த சீசன் முழுக்க அது ஓடவில்லை. யாருக்கும் காரணம் தெரியாது, எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரைக்கும், லாயத்துக்குள் நுழைந்ததும் தொட்டியைப் பார்த்த பிறகுதான் குதிரையைப் பார்ப்பேன். என்னிடம் வேலை கற்றவர்களுக்கும் முதலில் சொல்வது இதுதான்: மிச்சம் வைத்தால் மறைக்காதே.

அதனால் மல்லி விஷயத்தில் ராத்திரி பத்து மணிக்கே டிரெய்னர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேலப்பை நிறுத்தினார். காலையில் வந்த முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்றார். மதியம் ஒரு மணிக்கு 102.8. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், வைரஸ் மாதிரித் தெரிகிறது என்றார். ஆறு நாள் ஓய்வு.

போன ஆறு நாளை எப்படி ஈடுகட்டுவது என்று எல்லாரும் கேட்டார்கள். ஈடுகட்டக் கூடாது. விட்ட வேலையைச் சேர்த்துவைத்து இரட்டிப்பாகக் கொடுத்தால், காய்ச்சலிலிருந்து எழுந்த குதிரை பந்தயத்துக்கு முன்னாலேயே காலியாகிவிடும். அதிகம் செய்யாமல் இருப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் தைரியம் வேண்டும். திரும்ப நடை, மூன்று நாள் கேன்டர், பந்தயத்துக்கு எட்டு நாள் முன்னால் ஒரே ஒரு நல்ல கேலப். மூன்று நாள் முன்னால் மூச்சைத் திறந்துவிட 600 மீட்டர். முந்தின நாள் இரும்பு லாடத்தைக் கழற்றி, எடை குறைந்த அலுமினிய லாடம் அடித்தோம்.

பந்தயத்தில் என்ன ஆனது என்பதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

பேப்பரில் ரேஸ் பக்கத்தில் ‘1000 மீ. 1-8, 600/40, எளிதாக நகர்ந்தது’ என்று போடுகிறார்கள். அதை வைத்து ஒரு குதிரை தயாரா என்று சொல்ல முடியுமா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்

ஓரளவுக்கு முடியும் ஐயா. ஆயிரம் மீட்டரை 1 நிமிடம் 8 விநாடியிலும், அதில் கடைசி 600-ஐ 40 விநாடியிலும் ஓடியது என்று அர்த்தம். ஆனால் எந்த டிராக், மணலா புல்லா, மழை பெய்ததா, மேலே இருந்தவர் எத்தனை கிலோ, கடிவாளத்தை இழுத்துப் பிடித்து ஓட்டினாரா விட்டு ஓட்டினாரா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 40. ‘எளிதாக’ என்ற சொல்லைத்தான் நான் முதலில் படிப்பேன். 38-ல் திணறி வந்த குதிரையைவிட 40-ல் காதை ஆட்டிக்கொண்டு வந்த குதிரை எனக்குப் பிடிக்கும்.

எங்களுக்கு அதற்குப் பிறகுதான் வேலை. திரும்பி வந்ததும் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுவோம். தாடைக்குக் கீழே ஒரு ரத்தக் குழாய் விரலில் தட்டுப்படும். அங்கே நாடியைப் பார்க்கலாம். நல்ல குதிரைக்கு நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 35 துடிப்பு இருக்கும். முழு வேகத்தில் அது 220-ஐத் தாண்டும். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை கடிகாரக்காரர் எழுத மாட்டார்.

எங்கள் வீட்டில் கொள்ளு ரசம் வைக்கும்போதெல்லாம் ‘குதிரை மாதிரி ஓடலாம்’ என்பார் மாமனார். உண்மையிலேயே கொள்ளுதான் குதிரைக்கு வேகம் கொடுக்கிறதா?
— இல்லத்தரசி, முகப்பேர்

அந்தக் காலத்தில் என் அப்பா சைஸாக இருந்தபோது கொள்ளை ஊறவைத்து, வேகவைத்துத்தான் கொடுப்பார்கள். இப்போது பந்தயக் குதிரைக்கு முக்கியமான தானியம் ஓட்ஸ். அதோடு தவிடு, குதிரை மசால் என்கிற தீவனப் பயிர், காய்ந்த புல், உப்பு, கொஞ்சம் கேரட். தானியத்தை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்புக்குள் வயிற்றுப் பை மிகச் சின்னது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் திணித்தால் வயிற்று வலி வந்து, குடல் முறுக்கிக்கொண்டு உயிரே போய்விடும்.

இன்னொன்று, ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மழைக்காக நிறுத்தி வைத்த குதிரைக்கு முழுத் தீனி போட்டு, மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனால் பின்தொடைத் தசை கல் மாதிரி இறுகி, அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும். உங்கள் மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள்.

சென்னை வெயிலில் குளிர்நாட்டு இனக் குதிரை எப்படித் தாங்குகிறது?
— பள்ளி ஆசிரியர், குரோம்பேட்டை

வெயிலைவிட இந்தக் கடலோரப் புழுக்கம்தான் எதிரி. குதிரை நம்மைப் போலவே உடம்பு முழுக்க வியர்த்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. கழுத்திலும் தொடையிடுக்கிலும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வருமே, அதுவும் வியர்வைதான். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, சூடு இறங்காது. வாயைத் திறந்து இளைக்கவும் அதனால் முடியாது. குதிரைக்கு மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சு.

சில குதிரைகளுக்கு இந்த மாதிரி ஊர்களில் இருந்து இருந்து வியர்ப்பதே நின்றுபோகும். வேலை முடிந்து வந்த குதிரையின் தோல் உலர்ந்து கிடந்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். நுரை தள்ளி வந்தால் நிம்மதியாக இருக்கும். அப்படிப்பட்ட குதிரைகளுக்கு மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர், விடியுமுன் வேலை. அதிலும் சரியாகவில்லை என்றால் குளிர்ந்த இடத்துக்கு அனுப்புவதுதான் நல்லது. கோடை சீசனுக்கு ஊட்டிக்குப் போன குதிரைகள் சில, அங்கே போய்த் திரும்ப வியர்க்க ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருட அனுபவத்தில், ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடிக்க ஒரு டிப்ஸ் கொடுங்களேன். பந்தயம் கட்டுவது சூதாட்டமா?
— இளைஞர், சைதாப்பேட்டை

1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தையும் அதன் மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு பல வருடம் நடந்து, 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. திறமை இருப்பது உண்மை. அது குதிரையிடமும், ஜாக்கியிடமும், நாலு மணிக்கு எழுந்து காலைத் தடவிப் பார்க்கிறவரிடமும் இருக்கிறது தம்பி. சம்பளத்தைக் கட்டி, வாடகைக்குக் கடன் கேட்டு என்னிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் தங்களுக்கும் அந்தத் திறமை இருப்பதாக நம்பினவர்கள். டிப்ஸ் கொடுக்க மாட்டேன். கூடவே ஒரு வேண்டுகோள், கட்டாதீர்கள்.

தோற்றுப் போனால் குதிரைக்குத் தெரியுமா? வருத்தப்படுமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், மடிப்பாக்கம்

கண்ணா, எனக்கு வந்த கேள்விகளிலேயே இதைத்தான் அதிக நாள் யோசித்தேன்.

பக்கத்தில் வருகிற குதிரையைத் தாண்டவிடக் கூடாது என்று காதைப் பின்னால் மடித்துக்கொண்டு போராடுகிற குதிரைகள் உண்டு. முன்னால் போவது என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பந்தயம் முடிகிற கோடு எங்கே இருக்கிறது என்று குதிரைக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டிய பிறகும் சில குதிரைகள் முந்தப் பார்க்கும்.

மல்லி கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அவள் நடுவில் பொறுமையாக வந்தாள். கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக எழுந்து, 400 மீட்டர் இருக்கும்போது இரண்டாவது இடத்தில் இருந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கை நடுங்கியது. கடைசி 200-ல் தாவல் குறுகிவிட்டது. காய்ச்சலில் போன அந்த ஆறு நாள் அங்கேதான் தெரிந்தது. நான்காவதாக வந்தாள். ஜாக்கி இறங்கி, ‘இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டாள் அண்ணே’ என்றார். முதலாளி வந்து அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்த குதிரைக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மல்லி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் வாளியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் நடத்திச் சூட்டைத் தணித்து, குளிப்பாட்டி, கட்டுப் போட்டு விட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஒரு மணி ஓட்ஸ்கூட மிச்சமில்லை, அடித்தகடு பளபளவென்று தெரிந்தது. கட்டை அவிழ்த்து முன்னங்கால் இரண்டையும் தடவினேன். ஜில்லென்று இருந்தன. குனிந்திருந்த என் சட்டைப் பையில் மூக்கை விட்டுக் கேரட்டைத் தேடினாள். இரண்டு வைத்திருந்தேன். வழக்கமாக ஒன்றுதான் கொடுப்பேன், அன்றைக்கு இரண்டையும் கொடுத்தேன்.