கட்டியின் ஓரம் தெளிவாக இருந்தால் புற்றுநோய் இல்லையா?

கேள்வி: அம்மாவின் தொடைத் தசைக்குள் 7 செ.மீ. கட்டி. வலி இல்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'ஓரங்கள் தெளிவாக உள்ளன, கொழுப்பு இல்லை, தன்மை உறுதியாகவில்லை, பயாப்ஸி தேவை' என்று எழுதியிருக்கிறார்கள். ஓரம் தெளிவாக இருந்தால் சாதாரணக் கட்டிதானே? இதை ஸ்கேனிலேயே சொல்ல முடியாதா?

பதில்: ஓரத்தை நம்பாதீர்கள். மென்திசுப் புற்றான சார்கோமா, பக்கத்துத் தசையை நெட்டித் தள்ளிக்கொண்டு வளரும் வழக்கமுள்ளது. நசுங்கிய திசு சுற்றிலும் உறைபோல் படிவதால், படத்தில் கோடு போட்டதுபோல் தெரியும். அந்தப் போலி உறையைத் தாண்டியும் புற்றணுக்கள் இருக்கலாம். வலி இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. பெரும்பாலான சார்கோமாக்கள் வலிப்பதில்லை.

எம்.ஆர்.ஐ. அடித்துச் சொல்லும் கட்டிகளும் உண்டு. கொழுப்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பை வெளுப்பாகக் காட்டும் டி1 என்ற எம்.ஆர்.ஐ. படத்தில் தோலடிக் கொழுப்பு எவ்வளவு வெளுப்போ, கட்டியும் அவ்வளவு வெளுப்பு. கொழுப்பை அடக்கி எடுக்கும் படத்தில் இரண்டும் ஒன்றாகக் கறுக்கும். உள்ளே ஓடும் தடுப்புகள் நூலிழையாக இருந்தால் சரி. 2 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தாலோ, கறுக்காத முடிச்சு ஒன்று மிஞ்சினாலோ கொழுப்புத் திசுப் புற்றான லைப்போசார்கோமா வகையைச் சந்தேகிக்க வேண்டும். கொழுப்பை அடக்கும் முறைகளில் ஒன்றான ஸ்டிர் படத்தை மட்டும் பார்த்து 'கறுத்துவிட்டது, கொழுப்புதான்' என்று முடிவு கட்டுவது தவறு. சில இரத்தக் கசிவுகளும் அதில் கறுக்கும்.

இன்னொரு ஏமாற்று, நீர்க்கட்டி வேஷம். மிக்ஸாய்டு (கொழகொழப்பான) லைப்போசார்கோமாவும், சைனோவியல் சார்கோமா என்ற இன்னொரு வகையில் சிலவும், நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 படத்தில் தண்ணீர்போல் பளிச்சிடும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் குட்டு வெளிப்படும்: நீர்க்கட்டியில் சுவர் மட்டும் மெல்லிய வளையமாக மின்னும், நடுவிலும் மருந்து ஏறினால் அது திடக்கட்டி.

அம்மாவுடையது 5 செ.மீ.யைத் தாண்டியது, தசைக்குள் இருக்கிறது, கொழுப்பும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறென்று நிரூபணமாகும்வரை சார்கோமா என்றே நடத்துவது வழக்கம். புற்றுதான் என்று இதற்குப் பொருளில்லை. ஆழத்தில் வளரும் சாதாரண நரம்புக் கட்டிகூட இப்படி இருக்கலாம். பிரித்துச் சொல்வது பயாப்ஸிதான், அதாவது ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது.

எம்.ஆர்.ஐ. முதலில், ஊசி பிறகு என்ற வரிசையும் சரியானதே. ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கினால் படம் குழம்பிவிடும். ஊசி போகும் பாதையை, பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். புற்று என்றால் அந்தப் பாதையையும் சேர்த்து எடுப்பார்கள். 'சின்னக் கீறல்தான், எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பயாப்ஸி இல்லாமல் தோண்டி எடுத்த சார்கோமாவுக்கு, அகலமாக வெட்டும் இரண்டாவது அறுவை தேவைப்படுவது சாதாரணம்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் எக்ஸ்ரே கேட்கிறார்களே, எதற்கு?

பதில்: சுண்ணாம்புப் படிவு எம்.ஆர்.ஐ.யில் எளிதில் தப்பிவிடும். அடிபட்ட தசையில் எலும்பு உருவாகும்போது ஸ்கேன் புற்றுபோல் மிரட்டும்; சில வாரங்களில் எக்ஸ்ரேயில் விளிம்பைச் சுற்றி எலும்பு வளையம் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். இரத்தக்குழாய்க் கட்டிக்குள் இருக்கும் மணிமணியான கற்களும் அதில்தான் நன்றாகத் தெரியும்.