பில்லிங்கில் வரும் எரர் மெசேஜை எப்படிப் படிப்பது, எப்படிக் குறித்து வைப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன். டேலியிலும் (கணக்கு சாஃப்ட்வேர்) இ-இன்வாய்ஸிலும் (பில்லை அரசின் போர்ட்டலில் பதிவது) வந்த எரரே திரும்பத் திரும்ப வருகிறது. சீசனில் லாரி காத்து நிற்கும்போது சப்போர்ட்டுக்குப் போன் போட்டால், "என்ன எரர்?" என்பதற்குக்கூட எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டு போட்டு எழுதி வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் எரர் வந்த இடமும் தப்பு நடந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறு. நோட்டில் இரண்டுமே இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். பார்ட்டி, அதாவது சரக்கு வாங்குபவர், பெங்களூருக்காரர். ஜிஎஸ்டி எண் கர்நாடகத்துக்குரிய 29-இல் தொடங்குகிறது. குடோன் ஓசூரில். லெட்ஜரில் (டேலியில் அவர் பெயரில் உள்ள கணக்கு) யாரோ ஓசூர் பின்கோடு 635109-ஐப் போட்டுவிட்டார்கள். கர்நாடகப் பின்கோடுகள் 56 முதல் 59-க்குள் தொடங்கும். எனவே "பின்கோடு மாநிலத்துக்குப் பொருந்தவில்லை" என்று போர்ட்டல் திருப்பி அனுப்பும். பில்லில் மட்டும் திருத்தினால் அன்றைக்கு லாரி கிளம்பிவிடும், அடுத்த பில்லில் அதே எரர் வந்து நிற்கும். பில் டு முகவரியை, அதாவது பில் யார் பெயருக்கோ அவர் முகவரியை, லெட்ஜரிலேயே திருத்துங்கள். ஓசூர் முகவரி, சரக்கு இறங்கும் இடத்துக்கான ஷிப் டு-வில்தான் வர வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது 2150 என்ற எரர், அதாவது டூப்ளிகேட் ஐஆர்என் (ஐஆர்என் என்பது ஒவ்வொரு பில்லுக்கும் போர்ட்டல் தரும் தனிப் பதிவு எண்). பில் போர்ட்டலுக்குப் போய்ப் பதிவாகிவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் நெட் போய்விட்டது. சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. மறுபடி அனுப்பினால் இந்த எரர். பயந்துபோய்ப் பில் நம்பரை மாற்றி அனுப்பிவிடாதீர்கள், ஒரே விற்பனைக்கு இரண்டு ஐஆர்என் விழுந்துவிடும். போர்ட்டல் அனுப்பும் முழுப் பதிலின் கடைசியில் பழைய ஐஆர்என், அக்னாலஜ்மென்ட் நம்பர், தேதி மூன்றும் இருக்கும். அந்த நம்பரை வைத்துப் போர்ட்டலிலேயே பிரிண்ட் எடுக்கலாம். தெரியாமல் இரண்டு பதிவாகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ஒன்றை கேன்சல் செய்யுங்கள். கேன்சல் செய்த பில் நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது.

எக்செல்லிலிருந்து டேலிக்கு ஏற்றும்போது வரும் "லெட்ஜர் இல்லை" வகை எரரில் நடுவில் பார்ட்டி பெயர் வரும். லெட்ஜரில் "டிரேடர்ஸ்", எக்செல்லில் "டிரேடிங்", அவ்வளவுதான். நோட்டில் தலைப்பாகப் பெயரை எழுதாதீர்கள். அது பில்லுக்குப் பில் மாறும். மாறாத வாசகத்தையும் 2150 போன்ற எரர் நம்பரையும் எழுதினால்தான் அடுத்த முறை தேடினால் கிடைக்கும்.

அதன் கீழே பில் நம்பர், கடைசியாக என்ன செய்தபோது வந்தது, எங்கே தப்பு, எதைத் திருத்தியதும் போனது என்று நாலு வரி போதும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வாட்ஸ்அப்பில் புதைந்துபோகும். வாசகத்தை காப்பி செய்து ஒரு எக்செல் ஷீட்டில் ஒட்டுங்கள். சுருக்காமல், உங்கள் வார்த்தையில் மாற்றாமல் அப்படியே.

"ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது" என்று எழுத நேர்ந்தால், பக்கத்திலேயே "காரணம் தெரியவில்லை" என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் 2150-க்கும் ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருப்பார்.