வியர்த்தால் நச்சு வெளியேறுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வியர்க்க வியர்க்க ஓடினால் உடம்பிலுள்ள நச்செல்லாம் போய்விடும் என்கிறார்களே?

வியர்வையில் சுமார் 99 சதவீதம் தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் உப்பு, துளியளவு யூரியா என்ற கழிவு. உடம்பைக் குளிர்விப்பதுதான் அதன் வேலை. ஓடுங்கள், நல்லதுதான், ஆனால் நச்சை விரட்டுவதற்காக என்று நினைத்து ஓட வேண்டாம்.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து கழிவை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறது?

பிரித்தெடுப்பதே இல்லை, அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. ரத்த அணுக்களையும் புரதங்களையும் நிறுத்திக்கொண்டு, தண்ணீர், குளுக்கோஸ், உப்பு, யூரியா எல்லாவற்றையும் அவை வடியவிடுகின்றன. இப்படி வடிவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர். ரத்தத்தின் திரவப் பகுதியே மூன்று லிட்டர்தான் என்பதால், அதே நீர் 60 தடவை வடிகட்டப்படுகிறது! அப்புறம் வேண்டியதையெல்லாம் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது: குளுக்கோஸ் கிட்டத்தட்ட முழுவதும், தண்ணீரில் 99 சதவீதம். இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, தேவையானதை மட்டும் திரும்ப எடுத்து வைப்பது மாதிரி. எது கழிவு என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணும் வேலை பெருமளவு குறைகிறது. சர்க்கரை நோயில் குளுக்கோஸ் எக்கச்சக்கமாக வடிவதால் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரிகிறது.

சிறுநீர் மஞ்சள், மலம் பழுப்பு. ஏன்?

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள். அவை சுமார் 120 நாள் வாழும். பிறகு அவற்றின் ஹீமோகுளோபின் சிதைந்து பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் ஆகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை மாற்றும்போது பழுப்பு நிறம் வருகிறது. அதில் கொஞ்சம் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரில் மஞ்சளாக வெளியேறுகிறது. மலம் சுண்ணாம்பு போல வெளிறி, சிறுநீர் கருத்துப் போனால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை குடலைக் கழுவ வேண்டுமா?

வேண்டாம். குடல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

எடை குறைந்தால், கரைந்த கொழுப்பு எங்கே போகிறது?

மலத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகி மூச்சில் போய்விடுகிறது; மீதி தண்ணீராகிறது. சரி, அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்குமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், தலைதான் சுற்றும்.