குஷன் பட்டறையில் மிஞ்சும் துண்டுகள்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறோம். ஃபோம் துண்டுகளை ஒட்டி சீட் போட்டால், ஐப்பசி கார்த்திகையில் ஒட்டு விட்டுவிடுகிறது. சொல்யூஷனை (ஒட்டும் பசையை) மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

குற்றம் சொல்யூஷனில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் சில்லிட்டுப் போகும். மூடுபனி நேரத்தில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் நீர் படியும். உற்றுப் பார்த்தால் பசைமேல் பால் போல வெளுத்த ஒரு படலம் தெரியும். அந்த நிலையில் அழுத்தினால் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு உரிந்து வரும்.

ஒட்டவேண்டிய துண்டுகளை முதல்நாளே சிமெண்ட் தரையில் படாமல் பலகைமேல் வைத்து உலரவிடுங்கள். ஒட்டும் வேலையை முற்பகல் 11 மணிக்கு மேல், வெளிச்சம் ஏறியபின் செய்யுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலால் தொட்டால் நூல் இழுக்காத பதம் வரும்வரை காத்திருங்கள். வெளுத்திருந்தால் அது தெளிந்தபின் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்து அழுத்துங்கள். சீக்கிரம் காயட்டுமென்று பக்கத்தில் கணப்புச் சட்டி மட்டும் வைக்கவே வேண்டாம். கரைப்பான் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

துண்டு ஒட்டும்போது இன்னும் சில விஷயங்கள். டென்சிட்டி என்பது ஃபோமின் அடர்த்தி, ஒரு கன மீட்டர் எத்தனை கிலோ என்ற கணக்கு. 28 டென்சிட்டியும் 40 டென்சிட்டியும் ஒரே அடுக்கில் பக்கம்பக்கமாக வந்தால், மென்மையான இடம் முதலில் பள்ளமாகும். மேல்விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே பசை நிற்கட்டும். காய்ந்த பசை கெட்டிப்பட்டு, உட்காருபவர் தொடையில் வரி வரியாக உறுத்தும். ஒட்டுத்துண்டு அடியில் இருக்கவேண்டும். அதன்மேல் ஓர் அங்குலமாவது ஒரே ஷீட்டாக 40 டென்சிட்டி போடுங்கள்.

துண்டு ஃபோமை உதிர்த்து நிரப்பிய தலையணை கட்டி கட்டியாகிவிடுகிறது. (கோத்தகிரி)

துண்டுகளின் அளவு ஒன்றுபோல் இல்லாததுதான் காரணம். எல்லாம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். 16-க்கு 16 அங்குலத் தலையணைக்கு சுமார் அரை கிலோ பிடிக்கும். நேரடியாக மேலுறையில் கொட்டாமல், காடாத்துணியில் உள்ளுறை தைத்து அதில் நிரப்புங்கள். உள்ளுறை மேலுறையைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக இருந்தால் மூலைகள் தொங்காது. அழுத்தினால் மஞ்சள் பொடியாக உதிரும் பழைய ஃபோமைச் சேர்க்காதீர்கள். வெறுமனே நிறம் மஞ்சளானது பரவாயில்லை, அது வெளிச்சத்தால் வருவது.

ரெக்சின் வெட்டுத்துண்டுகளை இணைத்துத் தைத்தால் தையல் வழியாகவே கிழிகிறது.

தையல் நெருக்கம்தான் காரணம். துணியில் ஊசி போன துளை மூடிக்கொள்ளும், ரெக்சினில் மூடாது. அங்குலத்துக்கு 12 தையல் விழுந்தால் தபால்தலை ஓரம்போல் ஆகிவிடும். 6 அல்லது 7 போதும். இணைத்த துண்டுகளை உட்காரும் இடத்தில் வைக்காமல் பின்பக்கத்துக்கும் கைப்பிடியின் வெளிப்பக்கத்துக்கும் வையுங்கள். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள நீளத் துண்டு எதுவானாலும் பைப்பிங்குக்கு, அதாவது தையல் ஓரத்தில் வைத்துத் தைக்கும் பட்டைக்கு, எடுத்து வையுங்கள்.

ஊட்டியில் பழைய பங்களா நாற்காலி ஒன்று வந்தது. உள்ளே கறுப்பாகச் சுருண்ட முடி. தூக்கிப்போட்டுவிட்டு ஃபோம் வைக்கலாமா?

தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். அது பெரும்பாலும் குதிரைமுடி. இன்று நீங்கள் வாங்கும் எந்த ஃபோமும் அத்தனை காலம் உழைக்காது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். துள்ளி விரிந்தால் உயிர் இருக்கிறது. பொடிப்பொடியாக ஒடிந்தால் மட்டுமே கழியுங்கள்.

பிரிக்கும்போது நல்ல முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்துத் தட்டுங்கள். பல பத்தாண்டுத் தூசியும் பூச்சி முட்டையும் அதில் இருக்கும். கொசுவலைத் துணியில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். மாசி, பங்குனி வெயில் இதற்குத் தோது. ஆடி மழையில் தொடங்கினால் காயாமல் நாற்றமெடுக்கும். உலர்ந்தபின் கொத்துக் கொத்தாக விரலால் பிய்த்து விடவேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் முடிக்கு மறுபடி துள்ளல் வருவது இதனால்தான். அளவு குறைந்தால் அடியில் தேங்காய் நார் வைத்து, மேலே முடியை வையுங்கள்.

அதே நாற்காலியின் ஸ்பிரிங்மேல் போட உருளைக்கிழங்குச் சணல் சாக்கு ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மண் போகத் துவைத்து, இரண்டு மடிப்பாகப் போட்டால் ஆகும். ஓரத்தை ஓர் அங்குலம் மடித்து ஆணியடியுங்கள், இல்லையேல் இழை உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஃபோம், ரெக்சின் கழிவை குளிருக்கு எரிக்கிறோம். பூந்தொட்டி அடியிலும் போடுகிறோம். சரியா?

இரண்டும் கூடாது. ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். கதவைச் சாத்திய அறையில் அது உயிரையே எடுத்துவிடும். பிவிசி பூசிய ரெக்சின் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலை அரிக்கும். தொட்டியில் போட்ட ஃபோம் மக்காது, துகளாகி ஓடைக்குப் போகும். தொட்டிக்குத் தேங்காய் நார் போடுங்கள்.

மீந்த ஃபோமை யாரும் வாங்குவதில்லையே?

சுத்தமான துண்டு என்றால் வாங்குவார்கள். அரைத்து, பிசின் கலந்து அழுத்தி ரீபாண்டட் ஃபோம் செய்ய அது தேவை. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு எடை 32 கிலோதான், அதனால் வண்டி வாடகை கட்டாது என்று மறுப்பார்கள். மிதித்து அழுத்தி மூட்டை கட்டி, சமவெளியிலிருந்து ஃபோம் ஏற்றி வரும் வண்டி காலியாகத் திரும்பும்போது அனுப்பப் பேசுங்கள். பசை கெட்டியான துண்டு, ரெக்சின், ஈரம், ஸ்டேப்ளர் பின் இருந்தால் மூட்டை திரும்பி வரும். வெட்டும் மேசையருகே தனித்தனிச் சாக்கு வைத்து அப்போதே பிரித்துப் போடுங்கள். பின்களைக் காந்தத்தால் பொறுக்கி டின்னில் சேர்த்தால் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வார்.